தாத்தாவோட 1969 பியட்: ‘விண்டேஜ்’ பதிவு வாங்கினா ஏற்காடு ஏத்த முடியாதா?

செவ்வாய்ப்பேட்டை_பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். தாத்தா ஓட்டின பியட் 1100 வீட்டுல நிக்குது. 1969ல பதிஞ்ச வண்டி, பழைய மூணெழுத்து நம்பர். இன்ஜின் மாத்தலை, ஸ்டீயரிங் கியர் அப்படியே இருக்கு. பெயிண்ட் மட்டும் அதே கலர்ல மறுபடி அடிச்சிருக்கு. தாத்தா நடமாட்டமா இருந்தவரைக்கும் எஃப்.சி. (தகுதி பாத்துப் பதிவைப் புதுப்பிக்கறது) விடாம பண்ணிட்டு வந்தார். கடைசியா பண்ணினது 2021 வரைக்கும் செல்லும். அதோட அவருக்கு முடியாம போச்சு, 2023ல தவறிட்டார். ஆர்.சி. இன்னும் அவர் பேர்லதான் இருக்கு.

இப்ப வண்டியை ஓட வெச்சாச்சு. ஞாயித்துக்கிழமை விடிகாலையில வீட்டாளுங்களை ஏத்திக்கிட்டு அடிவாரம் வழியா ஏற்காடு போகணும், ஏரிக்கரையில டீ குடிச்சிட்டு வெயிலுக்கு முன்னாடி இறங்கிடணும். இதுக்கு மேல ஆசை இல்லீங்க.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல ஒரு புரோக்கர் சொல்றார்: “தம்பி, அம்பது வருஷம் தாண்டின வண்டி, விண்டேஜுக்கு மாத்திடுங்க. பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம், கெத்தா வி.ஏ. நம்பர் வரும்.” எங்க மாமா என்னடான்னா, “விண்டேஜ் ஆக்கிட்டா அப்புறம் ஷெட்டுல வெச்சு கும்பிட வேண்டியதுதான்”ங்கறார். யார் பேச்சைக் கேக்கறது?

ஐந்துரோடு_அம்பாசிடர்:
மாமா பேச்சை. விவரம் தெரிஞ்சவங்க வந்து சொல்வாங்க. நான் சும்மா ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போறேன். வண்டி போட்டோ போடுங்க தம்பி, முதல்ல அதைப் பாக்கணும்.

கோர்ட்ரோடு_வக்கீல்:
தம்பி, இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது. பழைய வண்டிகளுக்கென்று 81ஏ முதல் சில விதிகளைச் சேர்த்தார்கள். முதல் பதிவுத் தேதியிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். ஆனால் வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடையாது. படிவம் 20இல், ‘பரிவாகன்’ என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கூடவே இன்சூரன்ஸ், கட்டணம், பழைய ஆர்.சி. 60 நாட்களுக்குள் படிவம் 23ஏ-யில் பதிவுச் சான்று தர வேண்டும். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

புரோக்கர் சொன்ன வி.ஏ. நம்பர் உங்களுக்கு வராது. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதியும் வண்டிக்குத்தான் மாநில எழுத்து, அடுத்து வி.ஏ., அடுத்து இரண்டெழுத்து வரிசை, நான்கு இலக்கம் என்று வரும். இறக்குமதியாகி வரும் வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமை. விண்டேஜாகப் பதிந்த வண்டியைச் சாலையில் எடுக்க விதி சில காரணங்களை மட்டுமே ஒப்புக்கொள்கிறது: கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, கண்காட்சிக்கோ பேரணிக்கோ போய்வருவது. அன்றாட ஓட்டத்துக்கும் வணிகத்துக்கும் கூடாது. குடும்பத்தோடு ஏரிக்கரை டீ அந்தப் பட்டியலில் இல்லை.

அஸ்தம்பட்டி_ரவுண்டானா:
பெட்ரோல் போடலாம்ல? ஏற்காட்டுல பங்க் இருக்கே. “சார், பெட்ரோல் போடப் போறேன்”னு சொல்லிட்டு 20 கொண்டை ஊசியும் ஏறிட வேண்டியதுதான். 😄

கோர்ட்ரோடு_வக்கீல்:
சிரிப்பு வருகிறது, ஆனால் இதைத்தான் பலர் நிஜமாகவே யோசிக்கிறார்கள். போலீஸ் சோதனையில் சமாளித்துவிடலாம். நான் பயப்படுவது வேறு இடத்தில். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள், ‘உபயோக வரம்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். வளைவில் யார் மீதாவது இடித்துவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி வைக்கும் ஆள் முதலில் அதைத்தான் கிளறுவார். வண்டி எதற்காகச் சாலையில் இருந்தது? எந்தக் கண்காட்சி? எந்தப் பேரணி? பின் சீட்டில் குழந்தைகளும் டிபன் கேரியரும் இருக்கும்போது என்ன பதில் சொல்வீர்கள்? இழப்பீட்டைக் கம்பெனி முதலில் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிடும் வழக்குகள் உண்டு. அப்போது வீடு வரைக்கும் வரும்.

செவ்வாய்ப்பேட்டை_பேரன்:
ஐயோ. அப்ப மாமா ஜெயிச்சிட்டார். ஒரு சந்தேகம் சார். 50 வருஷம் தாண்டினாலே வண்டி தானா விண்டேஜ் ஆயிடுமா? நான் ஒண்ணும் பண்ணாம விட்டாலும் இந்தக் கட்டுப்பாடு வருமா?

கோர்ட்ரோடு_வக்கீல்:
விண்ணப்பம் போட்டு அந்தப் பதிவை வாங்கினவருக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. சாதாரணப் பதிவை முறைப்படி புதுப்பித்துக்கொண்டு வருபவர் சாதாரணக் கார் ஓட்டுநர்தான். வண்டிக்கு வயது 20 ஆனாலும் 56 ஆனாலும் மோட்டார் வாகனச் சட்டம் 41ஆம் பிரிவில் வழி ஒன்றுதான்: முதல் 15 ஆண்டு, அதன்பின் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிப்பு. உங்கள் தாத்தா செய்துவந்தது அதுதான். டில்லியில் பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்று கேள்விப்பட்டு இங்கேயும் அப்படித்தான் என்று சிலர் மிரளுகிறார்கள். அது அந்தத் தலைநகர் வட்டாரத்துக்கான உத்தரவு. சேலத்துக்கு அது கிடையாது.

கணக்குப்புள்ள_54:
வக்கீல் சார் சட்டம் சொல்லிட்டார், நான் காசு சொல்றேன்.

விண்டேஜ்: முதல் பதிவு 20,000 ரூபாய், பத்து வருஷம். அப்புறம் மறுபதிவு 5,000.

சாதாரணம்: 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆச்சு. அதுக்கு முன்ன 5,000 இருந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. ஆக பத்து வருஷத்துக்கு ரெண்டு தடவை, 20,000.

பாத்தீங்களா? முதல் பத்து வருஷத்துக்கு ரெண்டும் ஒரே காசு. ஒண்ணுல நெனைச்ச நேரம் ஓட்டலாம், இன்னொண்ணுல பேரணி நடந்தா ஓட்டலாம். (பசுமை வரி தனி. அதை கவுண்டர்ல கேட்டுக்குங்க.)

ஆனா புரோக்கர் ஏன் விண்டேஜுக்கு இழுக்கறார்னு எனக்குப் புரியுது. உங்க எஃப்.சி. 2021ல முடிஞ்சிடுச்சு. தாமதத்துக்கு காருக்கு மாசம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம்னு 2022 ஏப்ரல்ல வந்திருக்கு. நாலு வருஷம்னு வெச்சாலே 24,000. அதைக் காட்டி பயமுறுத்துவாங்க.

செவ்வாய்ப்பேட்டை_பேரன்:
அதேதான் அண்ணா! “லேட் பீஸ் மட்டும் முப்பதாயிரம் கிட்ட வரும், அதுக்கு விண்டேஜ் பரவாயில்ல”ன்னார்.

கணக்குப்புள்ள_54:
ஒரு தடவை கட்டற காசுக்காக பத்து வருஷ ஞாயித்துக்கிழமையை விக்கிறதா? நான் விக்க மாட்டேன். அது உங்க இஷ்டம்.

நாகலூர்_காப்பி:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க எஸ்டேட்ல அப்பா காலத்து ஜீப் ஒண்ணு இருக்கு. அறுபதுகள்ல பதிஞ்சது. பெட்ரோல் இன்ஜினை எப்பவோ எடுத்துட்டு டீசல் போட்டுட்டாங்க, பாடியும் கீழ பட்டறையில புதுசா கட்டினது. காப்பி மூட்டை ஏத்த, ஆளுங்களைக் கூட்டிட்டுப் போக. தோட்டத்துக்குள்ளயே ஓடிட்டு இருந்துச்சு, ஆர்.சி. காலாவதி. இதுக்கு விண்டேஜ் கிடைக்குமா?

கோர்ட்ரோடு_வக்கீல்:
கிடைக்காது. இன்ஜினும் பாடியும் மாறிய வண்டி அந்த வரையறைக்குள் வராது. அதைவிட, இன்ஜின் மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் 52ஆம் பிரிவுச் சிக்கல் தனியாக இருக்கிறது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம். தோட்டத்து மண் பாதையில் ஓடுவதும், நாகலூர் சாலைக்கு இறங்குவதும் ஒன்றல்ல. இறங்கினால் பதிவும் இன்சூரன்ஸும் வேண்டும்.

நாகலூர்_காப்பி:
சரிங்க. அப்ப அது தோட்டத்துக்குள்ளயே கெடக்கட்டும்.

ஸ்டுட்கார்ட்_சேலத்தான்:
சொந்த ஊர் குகை, இப்ப ஜெர்மனியில கார் கம்பெனியில வேலை. இங்க எப்படின்னு சொன்னா உங்களுக்கு வயித்தெரிச்சல் வரும், இருந்தாலும் சொல்றேன்.

இங்க 30 வருஷம் ஆன வண்டிக்கு, அசலா இருக்கு, நல்லா பராமரிச்சிருக்குன்னு நிபுணர் சான்று குடுத்தா நம்பர் கடைசியில ‘எச்’ எழுத்து சேத்துக் குடுப்பாங்க. 1997ல இருந்து இருக்கு. வரி எவ்வளவு பெரிய இன்ஜினா இருந்தாலும் காருக்கு வருஷம் 191.73 யூரோ. புகை கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள்ளயும் போகலாம். முக்கியமா, எந்த நாள் வேணா ஓட்டலாம், ஆபீஸுக்குக்கூட. என்கூட வேலை செய்யற ஒருத்தர் கோடைக்காலம் பூரா பழைய பென்ஸ்லதான் வருவார்.

கட்டுப்பாடு உள்ள இன்னொரு வகையும் உண்டு. ‘07’ன்னு ஆரம்பிக்கிற சிவப்பு நம்பர். அதுல பழைய வண்டி நிகழ்ச்சி, சோதனை ஓட்டம், பராமரிப்பு இதுக்கு மட்டும்தான் எடுக்கலாம், ஒவ்வொரு ஓட்டத்தையும் நோட்டுல எழுதி வெக்கணும். நாலஞ்சு வண்டி சேத்து வெச்சிருக்கிற ஆளுங்க, ஒரே நம்பரை மாத்தி மாத்தி மாட்டிக்க வாங்குவாங்க.

நம்ம ஊர்ல வந்தது அந்தச் சிவப்பு நம்பர் மாதிரி. ‘எச்’ மாதிரி ஒண்ணு வரவே இல்லை. இங்கிலாந்துல 40 வருஷம் ஆன வண்டிக்கு சாலை வரியே இல்ல, பெருசா மாத்தாம இருந்தா வருஷாந்தர சோதனையும் 2018ல இருந்து கட்டாயமில்ல. அமெரிக்காவுல மாநிலத்துக்கு ஒரு மாதிரி. கலிபோர்னியாவுல பழைய வண்டி நம்பர் வாங்கினா கண்காட்சி, கிளப் நிகழ்ச்சி, ஊர்வலம்னு நம்ம விதி மாதிரியேதான் பேசும்.

பைபாஸ்_பாபு:
எல்லாரும் ஒரே பக்கம் பேசறீங்க. நான் சட்டத்தோட பக்கம். ஏற்காடு ரோட்டுல வாரக் கடைசியில எவ்வளவு வண்டின்னு தெரியும்ல? நடுவுல ஒரு கிழட்டு பியட் ரேடியேட்டர் பொங்கி 14வது வளைவுல நின்னா பின்னாடி பஸ்ஸு, ஆம்புலன்ஸு எல்லாம் நிக்கணும். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இறங்கும்போது பிரேக் பிடிக்கலைன்னா யார் பொறுப்பு? விண்டேஜ் வண்டி கண்காட்சிக்கு மட்டும்னு வெச்சது நியாயம்தான். பாசம் இருந்தா கோயமுத்தூர் ஜி.டி. கார் மியூசியம் மாதிரி கண்ணாடி மாதிரி துடைச்சு வெச்சுக்குங்க.

லீபஜார்_பட்டறை:
பாபு தம்பி, கோவிச்சுக்காதீங்க, நான் இந்த வண்டிங்க கூடவே நரைச்சவன். நீங்க சொல்ற பயம் நியாயம். ஆனா காரணம் தப்பு. பியட் மலை ஏறாதுன்னு யார் சொன்னது? அன்னைக்கு ஏற்காடு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை வேற எதுல கொண்டு போய் விட்டாங்க? ஓடற வண்டி ஏறும். நின்ன வண்டிதான் நடுவுல நிக்கும்.

நிக்கிற வண்டிக்கு என்ன ஆகும்னு சொல்றேன். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதம் எத்தனால். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். வண்டி மூணு மாசம் நின்னா கார்பரேட்டர் கிண்ணத்துல அடியில வெள்ளையா மாவு மாதிரி படியும், ஜெட்டு அடைக்கும். பெட்ரோல் பம்ப் டயாபிரம் பழைய ரப்பர், எத்தனால் பட்டா ஊறி நெளிஞ்சிடும். ஹோஸை விரல்ல அழுத்திப் பாருங்க, பிசுபிசுன்னு கருப்பு ஒட்டினா அன்னைக்கே மாத்துங்க. வைட்டான் ஹோஸ்னு கேட்டு வாங்கணும், சாதா ஹோஸ் வேண்டாம். டிரம் உள்ள வீல் சிலிண்டர் துருப்பிடிச்சு ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் பிடிக்காது. வாரம் ஒரு தடவை ஓடற வண்டிக்கு இதுல பாதி வராது. வருஷத்துக்கு ஒரு பேரணி போற வண்டிக்கு எல்லாமே வரும். பேரணி அன்னைக்கு லாரியில ஏத்திக்கிட்டுப் போய் இறக்குவாங்க, நான் பாத்திருக்கேன். அதனால ஓட்டக்கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டு வண்டியைக் காப்பாத்தறோம்னு சொன்னா எனக்கு சிரிப்புதான் வருது.

பேரன் தம்பிக்கு: மலை ஏறறதுக்கு முன்னாடி ரேடியேட்டரை வெளியில கழட்டி ராடு விட்டு சுத்தம் பண்ணச் சொல்லுங்க. ஏத்தத்துல வண்டி திக்கித் திக்கி வந்து இழுக்காம போனா பெட்ரோல் பம்ப் சூட்டுல ஆவி அடைக்குதுன்னு அர்த்தம். ஓரம் கட்டி பானெட்டைத் திறந்து, பம்ப் மேல ஈரத்துணி சுத்தி பத்து நிமிஷம் விடுங்க. அதுக்கே ஒரு துணியும் தண்ணி பாட்டிலும் டிக்கியில எப்பவும் இருக்கணும். இறங்கும்போது செகண்ட் கியர், காலை பிரேக்ல வெச்சுக்கிட்டே வரக்கூடாது. லைனிங் கருகற வாசனை வந்தா நிறுத்தி ஆற விடுங்க. எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்கணும்னு பழைய டிரைவருங்க சொல்வாங்க, இந்த வண்டிக்கு இன்னைக்கும் அதுதான்.

பைபாஸ்_பாபு:
அண்ணே, உங்களை மாதிரி பாத்து வெச்சா சரி. எல்லாரும் அப்படி வெக்கறதில்லையே.

லீபஜார்_பட்டறை:
அதுக்குத்தான் எஃப்.சி.ன்னு ஒண்ணு இருக்கு. அதை ஒழுங்கா பாக்கட்டும். பிரேக் பிடிக்காத வண்டி பத்து வருஷத்து வண்டியா இருந்தாலும் ஏறக்கூடாது. புகை சோதனையும் அப்படித்தான், இந்த வயசு பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதம் வரைக்கும் அனுமதி. ஐட்லிங் மிக்ஸ்சர் ஸ்குரூ சரியா வெச்சா தாராளமா அதுக்குள்ள வந்துடும்.

சூரமங்கலம்_ஸ்டுடியோ:
இதையும் கேட்டுக்கறேன். நாங்க கல்யாண போட்டோ எடுக்கறோம். பழைய கார் வாடகைக்குக் கேக்கறாங்க, ஏற்காட்டுல வெச்சு எடுக்கணும்னு. பேரன் தம்பி வண்டி குடுப்பாரா? வாடகை நல்லா தர்றோம்.

கோர்ட்ரோடு_வக்கீல்:
தம்பி, அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள். விண்டேஜ் பதிவு என்றால் வணிகம் நேரடியாகவே தடை. சாதாரண வெள்ளை போர்டு என்றாலும் வாடகைக்கு ஓட்ட பெர்மிட் இல்லை, 192ஏ பிரிவில் முதல் தடவையே 10,000 அபராதம், சிறையும் சேர்ந்து வரலாம். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் காசு வாங்காமல் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவது வேறு கதை.

கன்னங்குறிச்சி_ஜாவா:
71 மாடல் ஜாவா வெச்சிருக்கேன். பைக்குக்கும் இதே கதைதானா?

கோர்ட்ரோடு_வக்கீல்:
விண்டேஜ் விதி பைக்குக்கும் பொருந்தும், கட்டுப்பாடும் அதேதான். 20 வருடம் தாண்டிய பைக்குக்குச் சாதாரணப் புதுப்பிப்பு 2,000 ரூபாய். தாமதம் ஆகியிருந்தால் மாதம் 300. ஓட்ட வேண்டும் என்றால் அதையே செய்யுங்கள்.

ஐந்துரோடு_அம்பாசிடர்:
பேரன் தம்பி, எல்லாரும் விண்டேஜைப் பத்தியே பேசிட்டாங்க. உங்க முதல் வேலை அது இல்ல. ஆர்.சி. தாத்தா பேர்ல இருக்கு. தவறினவர் பேர்ல எஃப்.சி. பண்ண முடியாது. எங்கப்பா அம்பாசிடருக்கு நான் இதுலதான் அலைஞ்சேன்.

பேர் மாத்த படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மத்த வாரிசுங்க எல்லாரும் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து. சட்டப்படி 30 நாளுக்குள்ள தகவல் சொல்லி, மூணு மாசத்துக்குள்ள விண்ணப்பம் போட்டிருக்கணும், அது தாண்டிடுச்சு, அதுக்கும் ஏதாவது கட்டச் சொல்வாங்க. அடுத்து, இந்த வயசு ஆர்.சி. கையால எழுதின புத்தகமா இருக்கும். கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ‘பேக்லாக் என்ட்ரி’ போடச் சொல்லி எழுதிக் குடுக்கணும், அது ஏறாம மத்தது எதுவும் நகராது. நம்பர் தேடினா ‘விவரம் இல்லை’ன்னு வரும், உடனே பதறி வண்டி பதிவே போயிடுச்சுன்னு நெனைச்சுடாதீங்க.

சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் புத்தகத்துல இருக்கிற மாதிரியே தகட்டுல இருக்கான்னு போறதுக்கு முன்னாடி நீங்களே பென்சில் தேய்ச்சு எடுத்துப் பாத்துக்குங்க. துரு ஏறி ஒரு எழுத்து தெரியலைன்னாலும் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிடுவார்.

செவ்வாய்ப்பேட்டை_பேரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. வீட்டுல பேசியாச்சு. பாட்டி, அப்பா, ரெண்டு அத்தை, எல்லாரும் கையெழுத்துப் போடறேன்னுட்டாங்க. சின்ன அத்தை மட்டும், “எனக்கும் ஓட்டக் குடுத்தா போடறேன்”ன்னு கண்டிஷன். புரோக்கரை விட்டாச்சு. சாதாரணப் பதிவாவே புதுப்பிக்கப் போறேன், லேட் பீஸ் எவ்வளவு வந்தாலும் சரி. ஆர்.சி. நம்பர் தேடினேன், அம்பாசிடர் அண்ணா சொன்ன மாதிரியே ‘விவரம் இல்லை’. நாளைக்கு எழுதிக் குடுக்கறேன்.

இன்சூரன்ஸ் இப்பவே எடுக்கலாமா, இல்ல பேர் மாறின பிறகா? எஃப்.சி.க்கு வண்டியை ஓட்டிட்டுப் போகணுமே.

கோர்ட்ரோடு_வக்கீல்:
ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பதிவும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. லாரியிலோ ரெக்கவரி வண்டியிலோ ஏற்றிப் போங்கள், செலவு பார்க்காதீர்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கே இன்சூரன்ஸ் சான்று கேட்பார்கள், அதனால் முதலில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எடுங்கள். வண்டி மதிப்பு, முழு பாலிசி எல்லாம் பிறகு பேசலாம். உபயோக வரம்பு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

லீபஜார்_பட்டறை:
ரெக்கவரி வண்டிக்காரங்க முன் பம்பர்ல சங்கிலி மாட்டுவாங்க, விடாதீங்க. பியட் பம்பர் வளைஞ்சா நிமித்த ஆள் இல்ல இப்ப. அடியில ஆக்ஸில்ல பெல்ட்டு போட்டு ஏத்தச் சொல்லுங்க.

நாகலூர்_காப்பி:
மேல வந்தா சொல்லுங்க தம்பி. ரேடியேட்டருக்குத் தண்ணி எங்க எஸ்டேட் கேட்லயே பிடிச்சுக்கலாம். சின்ன அத்தை ஓட்டிட்டு வந்தா காப்பியும் உண்டு.